கோட்டியா, கொழுப்பா?

தென்காசி, கடையநல்லூர், சங்கரன்கோவில் என்று மலையை ஒட்டிக் கிடக்கும் எங்கள் வட்டாரத்தில், ஒருவன் தாறுமாறாக நடந்துகொண்டால் அதைச் சொல்ல இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று கோட்டி. இன்னொன்று கொழுப்பு. கோட்டி என்றால் பைத்தியம். கோட்டி பிடித்தவன் கல்லை எடுத்து எறிந்தால் விலகிப் போவார்கள், பிறகு சோறும் போடுவார்கள். "பாவம், அவனுக்கு என்ன தெரியும்" என்பார்கள். கொழுப்பு எடுத்தவன் அதே கல்லை எறிந்தால் பதிலுக்கு அடி விழும்.

கோட்டிக்குப் போக இடங்களும் உண்டு. சங்கரன்கோவிலில் கோமதி அம்மன் சன்னிதி முன்னால் இருக்கும் சக்கரத்தில் மனநிலை சரியில்லாதவர்களை உட்கார வைப்பதை நானே சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பொட்டல்புதூர் பள்ளிவாசலுக்கு இந்துக்களும் முஸ்லிம்களுமாகக் கூட்டிப்போவார்கள். கொழுப்புக்கு இப்படி ஒரு கோயிலும் கிடையாது, தர்காவும் கிடையாது. அதற்கு ஊர் வைத்திருக்கும் வைத்தியம் "நாலு அறை வச்சா சரியாப் போயிரும்" என்பதுதான்.

நவீன உளமருத்துவம் ஆளுமைக் கோளாறு என்று ஒன்றைச் சொல்கிறது. அது இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் உள்ள சந்துக்குள் மாட்டிக்கொள்ளும் ஒரு நோய், அல்லது நோய்போல ஒன்று. மாயக்குரல் கேட்காது. நினைவு தப்பாது. இன்று என்ன கிழமை, முதலமைச்சர் யார் என்று கேட்டால் டக்கென்று பதில் வரும். ஆனால் அவனால் ஒரு வேலையில் ஆறு மாதம் தங்க முடியாது. நேசிப்பவர்கள் விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயத்திலேயே அவர்களைக் குதறித் துரத்திவிடுவான். நேற்று தெய்வமாகத் தெரிந்தவர் இன்று துரோகியாகத் தெரிவார். இது ஒரு வாரம், ஒரு மாதம் வந்து போகிற விஷயம் அல்ல. பதின்பருவத்திலோ இருபதுகளின் தொடக்கத்திலோ ஆரம்பித்து வருடக்கணக்கில் நீள்வது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பகுப்பு ஐ.சி.டி.-11, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பழைய வகைப் பெயர்களில் பெரும்பாலானவற்றைத் தூக்கிவிட்டு, தன்னைப் பற்றிய உணர்விலும் பிறரோடான உறவிலும் சுமார் இரண்டு வருடமோ அதற்கு மேலோ நீடிக்கும் குலைவு என்று இதை வரையறுத்து, லேசானது, நடுத்தரம், கடுமையானது என்று தரம் பிரிக்கிறது அது.

(ஒரு இடைச்செருகல். தமிழில் 'ஆளுமை' என்ற சொல்லை விருது கொடுக்கும்போதுதான் அதிகம் பயன்படுத்துகிறோம். இலக்கிய ஆளுமை, மாபெரும் ஆளுமை. அதே சொல்லோடு கோளாறைச் சேர்த்து ஒரு அம்மாவிடம் சொன்னால் அவளுக்கு என்ன விளங்கும்? ஆள்வது என்ற வேரிலிருந்து பார்த்தால், தன்னைத் தானே ஆள முடியாமை என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் சொல் மோசமில்லை.)

நான் யோசிக்க ஆரம்பித்தது எங்கள் தெருவில் இருக்கும் ஒருவனால். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். பள்ளியில் எங்களுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன். அப்பா தபால்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்று இறந்துபோனார். இவன் ஜவுளிக்கடை, செல்போன் கடை, கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி, வளைகுடாவில் நாலு மாதம் என்று எங்கும் தரிக்கவில்லை. எல்லா இடத்திலும் ஒரே கதை. முதல் மாதம் முதலாளி இவனைத் தலையில் தூக்கி வைப்பார், மூன்றாம் மாதம் இருவரும் தெருவில் நின்று கத்துவார்கள். கல்யாணம் ஒன்றரை வருடம். திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவர் பல மாதம் பார்த்துவிட்டு ஆளுமைக் கோளாறு என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவன் அம்மா மாற்றுத்திறனாளி சான்றிதழ் முகாமுக்குப் போனார். துணைக்கு நான் போனேன். எந்த ஊர் முகாம் என்பது வேண்டாம்.

கேள்விகள் சுருக்கமாக இருந்தன. குளிக்கிறாரா? குளிக்கிறார். தானே சாப்பிடுகிறாரா? சாப்பிடுகிறார். பஸ்ஸில் தனியாகப் போவாரா? சென்னைக்கே போவார். மருத்துவர் காகிதத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "இது குணம்மா. வியாதியில்ல" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரிசை வாசல் தாண்டி நின்றது. பெரியம்மா எழுந்திருக்கவில்லை. "அவனுக்கு ஒரு நோவும் இல்லதான் சார். ஆனா அவன்கூட ஒரு மனுசராலயும் இருக்க முடியல. அவனாலயே அவன்கூட இருக்க முடியல" என்றார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே மனநோய் ஊனங்களில் ஒன்றாக இடம்பெற்றுவிட்டது. 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலை 21 வகையாக விரித்தது. அதன் அட்டவணையில் மனநோய்க்கு மேல் வைத்திருக்கும் தலைப்பே 'மன நடத்தை' என்பதுதான்! வரையறை இரண்டு பாதியாக இருக்கிறது. சிந்தனை, மனநிலை, புலனுணர்வு, இடம்-காலம் பற்றிய தெளிவு, நினைவு ஆகிய ஐந்தில் எதிலாவது கணிசமான சீர்குலைவு இருக்க வேண்டும் என்பது முதல் பாதி. அந்தச் சீர்குலைவு தீர்மானிக்கும் திறனையோ, நடத்தையையோ, யதார்த்தத்தை உணரும் திறனையோ, வாழ்க்கையின் சாதாரணத் தேவைகளைச் சமாளிக்கும் திறனையோ பெரிதும் பாதிக்க வேண்டும் என்பது இரண்டாம் பாதி. இரண்டாம் பாதியை வாசித்தால் எங்கள் தெருக்காரனைப் பார்த்து எழுதியதுபோல இருக்கிறது. முதல் பாதியில்தான் அவன் சிக்குகிறான். அந்த ஐந்தில் உறவு என்று ஒன்று இல்லை. கோபத்தையும் வெறுமையையும் மனநிலைக்குள் சேர்க்கலாம், எல்லோரும் தன்னை விட்டுப்போகிறார்கள் என்ற தீராத சந்தேகத்தைச் சிந்தனைக்குள் சேர்க்கலாம். நல்ல வக்கீல் சேர்த்துவிடுவார். முகாமில் நிற்கும் அம்மாவிடம் வக்கீல் இல்லை.

அளக்கும் கருவி இன்னும் சுவாரசியமானது. ஐடியாஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்திய ஊன மதிப்பீட்டு அளவுகோலை இந்திய உளமருத்துவச் சங்கம் உருவாக்கியது; அரசு 2002இல் ஏற்றுக்கொண்டது. நான்கு துறைகள்: தன்னைப் பராமரித்தல், பிறரோடு பழகுதல், தொடர்புகொள்ளுதலும் புரிந்துகொள்ளுதலும், வேலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். நோயின் காலத்துக்கும் மதிப்பெண் உண்டு: இரண்டு வருடத்துக்குள் என்றால் 1, பத்து வருடத்துக்கு மேல் என்றால் 4. மொத்தம் 20. அதில் ஒரு குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தொட்டால் 40 சதவீதம், அதாவது சலுகைகளுக்கான வாசல்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அளவுகோல் என்று ஒன்றைப் பார்த்தால் மாதிரி எண்களை உள்ளே போட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. எங்கள் ஆளுக்குப் பராமரிப்பு 0. குளிக்கிறான், சவரம்கூடச் செய்கிறான். பழகுதல் தயங்காமல் 4. தொடர்புகொள்ளுதல் 1. வேலை 3. கூட்டினால் 8. பதினெட்டு வயதில் ஆரம்பித்தது, அதற்கு 4. ஆக 12. இது 40 முதல் 70 சதவீதம் வரையிலான நடுத்தர ஊனத்தில் விழுகிறது. அளவுகோல் அவனைத் தகுதியானவன் என்கிறது! ஆனால் அளவுகோலுக்கு முன்னால் ஒரு கதவு இருந்தது. 2002 வடிவத்தில் நான்கு நோய்களுக்கு மட்டும்தான் அதைப் போட்டுப் பார்க்கலாம்: மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு, மறதிநோய், எண்ணச் சுழல்நோய். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறையில் இப்படிப் பெயர்ப்பட்டியல் எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு படிவத்தில் நான்கு பெயர்களை ஒருமுறை அச்சிட்டுவிட்டால், பட்டியல் போன பிறகும் அது கைப்பழக்கமாக நிற்கும் என்பது என் தொழில் அனுபவம். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புத் துறையின் பட்டியலில் 12.08 என்ற எண்ணில் ஆளுமைக் கோளாறு பெயர் சொல்லியே இருக்கிறது. பிறரோடு பழகுதல், தன்னைச் சமாளித்துக்கொள்ளுதல் உட்பட நான்கு துறைகளில் ஒன்றில் அதீதமான குறைபாடோ, இரண்டில் குறிப்பிடத்தக்க குறைபாடோ காட்ட வேண்டும். அங்கேயும் காட்டுவது லேசில்லை. ஆனால் கேள்வி அளவைப் பற்றியது.

இங்கே கேள்வி வேறு மாதிரி இருக்கிறது. கோட்டியா, கொழுப்பா? முகாமில் இருந்த மருத்துவர் அதைத்தான் கேட்டார், கொஞ்சம் மரியாதையான சொற்களில்.

'பிறவிக் குணம் பொங்கலிட்டாலும் போகாது' என்று ஒரு பழமொழி இருக்கிறது. குணம் கூடவே பிறந்தது, நேர்த்திக்கடன் செலுத்தினாலும் மாறாது. சரி. மாறாத ஒன்றுக்காக ஒருவனைத் திட்டலாமா? பிறவியிலேயே கால் விளங்காதவனை நாம் திட்டுவதில்லை. பிறவியிலேயே வந்த குணத்துக்காகத் திட்டுகிறோம். 'மாறாது' என்ற ஒரே உண்மை, காலின் விஷயத்தில் சான்றிதழுக்குக் காரணமாகிறது. குணத்தின் விஷயத்தில் சான்றிதழை மறுக்கக் காரணமாகிறது. அளவுகோல் நோயின் காலம் கூடக்கூட மதிப்பெண்ணைக் கூட்டுகிறது. "சின்ன வயசுலேருந்தே அவன் அப்படித்தான்" என்று பெரியம்மா சொன்னபோது, அந்த வாக்கியத்துக்கு 4 மதிப்பெண் விழுந்திருக்க வேண்டும். அந்த வாக்கியம்தான் அவரைக் கவிழ்த்தது.

இதற்கு ஒரு எளிய பதில் உண்டு: காலுக்கும் குணத்துக்கும் வித்தியாசம், காலை நீ தேர்ந்தெடுக்க முடியாது, கோபத்தை அடக்கிக்கொள்ளலாம். இந்தப் பதில் முழுக்கத் தவறு இல்லை. ஆனால் அரசு வேறு எங்கும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஹெல்மெட் போடாமல், குடித்துவிட்டு, குற்றாலம் சாலையில் பைக்கை விட்டு முதுகுத்தண்டு முறிந்தவனுக்குச் சான்றிதழ் உண்டு. இருக்கவும் வேண்டும். எப்படி விழுந்தாய் என்று மருத்துவக் குழு கேட்பதில்லை, இப்போது நடக்க முடிகிறதா என்றுதான் பார்க்கிறது. தப்பு யாருடையது என்பது காவல் நிலையத்தின் வேலை, காப்பீட்டுக்காரரின் வேலை. ஆளுமைக் கோளாறு வரும்போது மட்டும் மருத்துவக் குழு தன்னையறியாமல் பஞ்சாயத்தாக மாறிவிடுகிறது.

ஏன்? அவனுடைய ஊனம் மற்றவர்களுக்கு வலிக்கிறது என்பதால். பார்வையில்லாதவரின் பார்வையின்மை என்னைக் காயப்படுத்துவதில்லை. இவனுடைய இயலாமை, அம்மாவைப் பார்த்துச் சொல்லக்கூடாத வார்த்தையாக வருகிறது, உடைந்த தட்டாக வருகிறது. நோய்க்குறியும் குற்றமும் ஒரே செயலாக இருக்கின்றன. பிரிட்டனில் இந்தச் சங்கடத்தைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் விதிகள், தீ வைக்கும் போக்கு, திருடும் போக்கு, பிறரைத் துன்புறுத்தும் போக்கு போன்றவற்றை ஊனம் என்று கருதக்கூடாது என்று ஒதுக்கிவிட்டன. லூயி சார்லண்ட் என்ற தத்துவ அறிஞர் இன்னும் ஒரு படி போனார். சில வகை ஆளுமைக் கோளாறுகளை விவரிக்கும் சொற்களே அறநெறிச் சொற்கள்தான் என்பது அவர் வாதம். பரிவின்மை, வஞ்சகம், சுரண்டல் ஆகியவை நோய்க்குறிகளா, தீய பண்புகளின் பட்டியலா? அவை மாறுவதும் ஒருவித ஒழுக்க மாற்றம்தான், மருத்துவம் அல்ல என்றார். இதைப் படித்தபோது எங்கள் ஊர்க்காரர்கள் வாதம் போட்டால் இப்படித்தான் போடுவார்கள் என்று தோன்றியது. ஆங்கிலத்தில் கொழுப்பு.

பீட்டர் ஸ்ட்ராசன் 1962இல் ஆற்றிய ஓர் உரை இந்த இடத்தில் எனக்கு உதவுகிறது. ஒரு மனிதரை இரண்டு விதமாக அணுகலாம் என்றார் அவர். ஒன்று, உறவுக்குள் நின்று. அப்போது கோபம் வரும், நன்றி வரும், மன்னிப்பு வரும். இன்னொன்று, வெளியே நின்று. அப்போது அவர் சமாளிக்க, சிகிச்சை தர, பாதுகாக்க வேண்டிய ஒருவர். அவர்மேல் வருத்தப்படலாம், மனத்தாங்கல் கொள்ள முடியாது. கோட்டி என்று சொன்ன கணமே இரண்டாவதுக்குப் போய்விடுகிறோம். கொழுப்பு என்றால் முதலாவதில் நிற்கிறோம். ஆளுமைக் கோளாறு உள்ளவன் நம்மை இரண்டிலும் நிற்க விடமாட்டான். கோபப்பட்டால் உடைந்து போவான். "பாவம், அவனுக்கு என்ன தெரியும்" என்று ஒதுங்கினால் அதைவிடப் பயங்கரமாக உடைவான். தன்னை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

ஹன்னா பிக்கர்ட் என்ற தத்துவ அறிஞர் இங்கிலாந்தில் ஆளுமைக் கோளாறு உள்ளவர்களுக்கான சிகிச்சைக் குழுவில் வேலை பார்த்தவர். பொறுப்பு உண்டு, பழி இல்லை என்ற நிலைப்பாட்டை அங்கிருந்து எடுத்துக்கொண்டார். நீ செய்தாய், அதை நீதான் மாற்ற வேண்டும், மாற்றவும் முடியும். ஆனால் நான் உன்னை வெறுக்கமாட்டேன். இந்த நோய்க்குப் பெரிதும் பயன்படும் டி.பி.டி. சிகிச்சையை உருவாக்கிய மார்ஷா லைன்ஹானும் இதே மாதிரி இரண்டு கயிற்றையும் ஒன்றாகப் பிடித்தார்: பிரச்சினை எல்லாம் அவர்களால் வந்ததல்ல, ஆனாலும் தீர்க்க வேண்டியது அவர்கள்தான். தானும் பதினேழு வயதில் மனநல மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்தவள் என்று அவர் 2011இல் பகிரங்கமாகச் சொன்னார். பெரிய பேராசிரியராகி, பல ஆண்டுகள் கழித்து.

ஆனால் பழி வேண்டாம் என்பதை எல்லோரிடமும் கேட்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம். சிகிச்சை தருபவர் சம்பளம் வாங்கிக்கொண்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போகிறவர். அவனோடு ஒன்றரை வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்த பெண்ணிடம் "பழி சொல்லாதீர்கள்" என்று நான் எந்த வாயால் சொல்வேன்? சான்றிதழ் விஷயம் கேள்விப்பட்டு அந்தப் பெண்ணின் தம்பி எனக்கு போன் செய்தார். "அப்போ எங்க அக்கா பட்டதெல்லாம் ஒரு வியாதிக்காரன் செஞ்சதுன்னு ஆயிருமா? கேஸ் முடிஞ்சு போச்சுன்னு அர்த்தமா?" என்றார். நியாயமான கேள்வி. இதுவரை நான் சந்தித்த எல்லா வாதங்களிலும் கனமானது இதுதான்.

அவருக்கு அன்று சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்வதானால் இப்படிச் சொல்வேன். பழி சொல்லும் உரிமை காயப்பட்டவர்களுக்கு உரியது. அவர்கள் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், விட்டுவிடலாம். அரசின் மருத்துவக் குழு காயப்படவில்லை. ஓய்வூதியப் பிரிவு எழுத்தர் காயப்படவில்லை. அதனால் "இது கொழுப்பு" என்று தீர்ப்புச் சொல்ல அவர்களுக்கு இடமில்லை. அது உங்கள் அக்காவின் வாக்கியம். அதே காரணத்தால், அவர்கள் கொடுக்கும் சான்றிதழ் உங்கள் அக்கா சார்பாக எதையும் மன்னித்துவிடவும் முடியாது. இவன் வேலை செய்து சாப்பிட முடியாதவன் என்று மட்டும்தான் அந்தக் காகிதம் சொல்லும். வழக்கு இருந்தால் வழக்கு நடக்கட்டும். ஜெயிலில் இருப்பவனுக்கும் சோறு போடுகிறோம், அதனால் அவன் நிரபராதி ஆகிவிடுவதில்லை.

நீதிமன்றங்கள் இந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கின்றன. ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கில் உச்சநீதிமன்றம் 2021 டிசம்பர் 17 அன்று தீர்ப்பளித்தது. அவர் மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி. கொல்ல வேண்டும் அல்லது கொல்லப்பட வேண்டும் என்ற எண்ணம் தன்னை ஆட்டுகிறது, சுட்டுவிடுவேன் என்று பேசியதாக 2010இல் புகார், ஒழுங்கு நடவடிக்கை. அவருக்கு எண்ணச் சுழல்நோயும் மனச்சோர்வும் இருந்தன. ஊனம் 40 முதல் 70 சதவீதம் என்று மதிப்பிடப்பட்டது. துறை அந்தப் பேச்சை ஒழுங்கீனமாகப் பார்த்தது. நீதிபதி சந்திரசூட் எழுதிய தீர்ப்பு, அந்த நடத்தைக்கு மனநோய் ஒரே காரணமாக இருக்கத் தேவையில்லை, காரணங்களில் ஒன்றாக இருந்தாலே போதும் என்றது. மனநோய் உள்ளவர்மேல் அதையொட்டிய நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதும் மறைமுகப் பாகுபாட்டின் ஒரு முகம் என்றது. 'காரணங்களில் ஒன்று' என்ற இந்தச் சொற்றொடர் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கோட்டியா கொழுப்பா என்ற கேள்விக்கு, இரண்டும் கலந்தே இருக்கலாம், அதனால் பாதுகாப்பு போய்விடாது என்று முதன்முதலாக ஓர் அதிகார பீடம் சொன்னதாக நான் இதை வாசிக்கிறேன். அங்கே நோய்க்கு 2002 பட்டியலில் இருந்த பெயர் ஒன்று இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் ஆளிடம் அது இல்லை.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பயம் இருக்கிறது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, அரசியல், மத மதிப்பீடுகளுக்கு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. நல்ல சட்டம். ஆளுமைக் கோளாறு என்ற பெயர்தான் அந்தக் கோட்டுக்கு மிக அருகில் நிற்கிறது. எங்கள் ஊரில் மாமியாரை எதிர்த்துப் பேசும் பெண், சொத்தில் பங்கு கேட்கும் தங்கை, பள்ளிவாசலுக்கோ கோயிலுக்கோ போக மறுக்கும் பையன், எல்லோருக்கும் இந்தப் பட்டத்தைக் கட்டிவிடலாம். கட்டிய பிறகு அவர்கள் பேசும் நியாயமும் நோய்க்குறியாகிவிடும். 'அது அப்படித்தான் சண்டை போடும், அதுக்குச் சான்றிதழே இருக்கு.' அதனால்தான் பெயரைவிட இயலாமையை அளப்பது மேல் என்று தோன்றுகிறது. பிறரோடு பழகுவதில் எவ்வளவு, வேலையில் எவ்வளவு, எத்தனை வருடம். அதுவும் அவனே விண்ணப்பித்தால் மட்டும். அவன் விருப்பமில்லாமல் மாமியார் போய் வாங்கி வரக்கூடாது.

ஏமாற்றுவார்கள் என்பார்கள். ஏமாற்றத்தான் செய்வார்கள். 2024இல் ஐ.ஏ.எஸ். பயிற்சியில் இருந்த ஒருவரின் ஊனச் சான்றிதழ்கள் மேல் எழுந்த சர்ச்சையை நாடே பேசியது. ஆனால் தொகையையும் பாருங்கள். மத்திய அரசின் இந்திரா காந்தி ஊனமுற்றோர் ஓய்வூதியம் மாதம் 300 ரூபாய். அதுவும் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தால். தமிழ்நாட்டில் வருவாய்த்துறை வழியாகத் தரும் ஓய்வூதியம் 2023 ஜனவரியிலிருந்து 1500 ஆனது. மாதம் 1500 ரூபாய்க்காக, கல்யாணச் சந்தையில் வாழ்நாள் முழுக்கத் தொடரும் ஒரு பெயரைச் சுமக்க எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள்?

உண்மையில் பெரியம்மாவுக்கு அந்த 1500 பெரிதில்லை. இதை எனக்கே பிறகுதான் சொன்னார். கணவர் மத்திய அரசு ஊழியர் என்பதால் அவருக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. அதில்தான் இரண்டு பேரும் சாப்பிடுகிறார்கள். அவர் கண்ணை மூடினால் அது நின்றுவிடும். விதிப்படி இருபத்தைந்து வயது தாண்டிய மகனுக்கு அது கிடையாது, பிழைப்புக்குச் சம்பாதிக்க முடியாத அளவுக்கு மனத்திலோ உடலிலோ ஊனம் இருந்தால் தவிர. அப்படி இருந்தால் ஆயுள் முழுக்கக் கிடைக்கும். "எனக்கு அறுவத்தெட்டு ஆச்சு தம்பி. நான் இருக்கிற வரைக்கும் திட்டிக்கிட்டாவது சோறு போட்டுருவேன்" என்றார்.

இந்த ஓய்வூதிய விதி, நான் வாசித்ததிலேயே நேர்மையான வாசகங்களில் ஒன்று. பெயர்ப்பட்டியல் இல்லை. மனத்தின் எந்தக் கோளாறாக இருந்தாலும், சம்பாதிக்க முடியுமா முடியாதா என்பதுதான் கேள்வி. குணமா நோயா என்று அது கேட்கவில்லை. அதற்கும் மருத்துவச் சான்று வேண்டும் என்பதால் சுற்றிச்சுற்றி அதே மேசைக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

சம்பாதிக்க முடியாது என்பது நிரந்தரமா என்று குழு கேட்கலாம். அதற்கும் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் மக்லீன் மருத்துவமனையில் மேரி சனாரினி, எல்லைநிலை ஆளுமைக் கோளாறு உள்ள 290 பேரைத் தொடர்ந்து கவனித்தார். பத்து வருடத்தில் 93 சதவீதம் பேருக்கு நோய்க்குறிகள் குறைந்து, குறைந்தது இரண்டு வருடம் அப்படியே நின்றன. பழமொழி தோற்றுவிட்டது, பொங்கலிடாமலே போகும்போல. ஆனால் நோய்க்குறி தணிந்து, கூடவே ஒரு வேலையும் ஒரு நல்ல உறவும் நிலைத்தவர்கள் பாதிப்பேர்தான். கத்துவது நிற்கிறது, கையைக் கிழித்துக்கொள்வது நிற்கிறது, வேலை மட்டும் வருவதில்லை. இருபதுகளை எரித்துவிட்டவனுக்கு முப்பத்தெட்டில் யார் வேலை தருவார்? இந்த உண்மைக்கு நிரந்தரச் சான்றிதழைவிட, காலவரம்போடு கூடிய தற்காலிகச் சான்றிதழ் பொருத்தம். சில வருடங்களுக்கு ஒருமுறை மறுபடி பார்க்கலாம். சரியாகிவிட்டால் எடுத்துவிடலாம். சட்டத்தில் அந்த வழி ஏற்கெனவே இருக்கிறது. அது நின்றுபோகும் என்ற பயத்தில் ஒருவன் குணமடையத் தயங்குவான் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். வேலைக்குப் போன முதல் ஒரு வருடம் தொகையை நிறுத்தாமல் இருந்தால் அந்தப் பயம் பாதியாகக் குறையும் என்று நினைக்கிறேன்.

பெரியம்மா இப்போது இரண்டாவது முறை விண்ணப்பித்திருக்கிறார். இந்தத் தடவை விண்ணப்பத்தோடு நான்கு துறைகளுக்கும் தனித்தனியாக, தேதிபோட்டு எழுதிய ஒரு தாளைச் சேர்த்தோம். எந்தக் கடை, எத்தனை நாள், எப்படி நின்றது. 'கோபக்காரன்' என்ற சொல் எங்கும் வராமல் பார்த்துக்கொண்டேன். அவனிடமே வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் தேதியைத் திருத்தினான். மூன்றாவது வேலையில் தப்பு முதலாளிமேல் என்று சண்டைக்கு வந்தான், அதை அப்படியே விட்டுவிட்டுக் கையெழுத்தும் போட்டான்.

எழுதி முடித்த பிறகு ஓய்வூதியத்துக்கான தாள்களைப் புரட்டும்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். மன ஊனம் என்ற வகையில் வந்தால், தொகை நேரடியாக மகன் கைக்குப் போகாது. ஒரு பாதுகாவலர் வழியாகப் போகும். தாய் உயிரோடு இருக்கும்போதே அந்தப் பெயரைக் கொடுத்து வைக்க வேண்டும். சித்தப்பாவோடு பேச்சு நின்று ஏழு வருடம். அக்கா வீட்டுக்குள் விடுவதில்லை. மாமா மகன் ஒருவர் இருக்கிறார், போன பொங்கலுக்கு அவர் சட்டையையும் பிடித்துவிட்டான். பெரியம்மா அந்த இடத்தைப் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார். என்னைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை.